தொப்பியும் சுமையும்

ஒரு திரைப்படம் தனக்குப் பின் வருவனவற்றுக்கு எதனை விட்டுச் செல்கிறது என்று ஆராயப் புகுவோர், பெரும்பாலும் உடையையும் உத்தியையும் கணக்கெடுப்பதோடு நின்றுவிடுகின்றனர். கணக்கெடுப்பு வேண்டியதுதான். ஆனால் கைமாறி வருவனவற்றுள் கண்ணுக்குப் புலனாவன சில, புலனாகாதன பல. புதையல் தேடும் திரை நாயகனைப் பற்றி நாம் எழுத முற்படுவது இக்காரணத்தாலேயே.

1954இல் அமெரிக்கப் பரமவுண்ட் நிறுவனம் ‘சீக்ரட் ஒஃப் த இன்காஸ்’ என்னும் படத்தை வெளியிட்டது. நெறியாளர் ஜெரி ஹொப்பர். பெரு நாட்டின் குஸ்கோ நகரிலும் மச்சு பிச்சு இடிபாடுகளிலும் அதன் காட்சிகள் படமாக்கப்பட்டன. சாள்ட்டன் ஹெஸ்டன் ஏற்ற ஹரி ஸ்டீல் என்னும் பாத்திரம், சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டிப் பிழைத்துக்கொண்டே இன்கா மக்களின் பொற்சூரியனைக் கவரக் காத்திருக்கும் ஒரு போக்கிரி. கபில நிறத் தோல் மேலங்கி, அகன்ற விளிம்புத் தொப்பி, சவரஞ் செய்யாத முகம், தோளில் தொங்கும் பை. இவ்வுருவத்தை இன்று காண்போர், 1981இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் நெறிப்படுத்திய ‘றெயிடர்ஸ் ஒஃப் த லொஸ்ட் ஆர்க்’ படத்தின் இந்தியானா ஜோன்ஸை நினையாதிருத்தல் அரிது. இது தற்செயலான ஒற்றுமையன்று. பிந்திய படத்தின் உடை வடிவமைப்பாளரான டெபோரா நடூல்மன், தம் குழுவினர் பழைய படத்தைப் பலமுறை பார்த்ததாகப் பின்னாளில் வெளிப்படையாகவே கூறியுள்ளார். ஞாயிற்றின் கதிரைத் திருப்பி மறைவிடத்தைக் கண்டறியும் உத்தியும் இரு படங்களிலும் உண்டு. ஸ்பீல்பேர்க்கும் ஜோர்ஜ் லூக்காஸும் தம் மூலங்களாகப் பெரிதும் குறிப்பிட்டவை 1930களினதும் 1940களினதும் தொடர்படங்களே எனினும், உடையின் தடம் 1954க்கே நம்மை இட்டுச் செல்கிறது.

தொப்பி ஒன்றுதான், தலை வேறு. ஸ்டீல் தான் திருட வந்தவன் என்பதை மறைப்பதில்லை. பொன்னைக் கண்டபின் மனம் மாறி அதனை உரியவரிடம் ஒப்படைக்கிறான். ஜோன்ஸோ பல்கலைக்கழகப் பேராசிரியர். பொன்னுக்கு ஆசைப்படாதவர், தாம் எடுப்பது நூதனசாலைக்கு என்பார். பழைய பேராசையைக் காட்டிலும் இப்புதிய நேர்மை நம்மை அதிகம் ஐயுற வைக்கிறது. 1911இல் மச்சு பிச்சுவை உலகுக்கு அறிவித்த ஹிராம் பிங்கம் என்பவரும் ஒரு கல்விமானே. அவர் குழுவினர் அங்கிருந்து யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்ற தொல்பொருள்கள், நூறாண்டு கழிந்து 2011, 2012 ஆம் ஆண்டுகளிலேயே பெருவுக்குத் திரும்பின. அவருக்கு மலையேறும் வழி காட்டியவர் மெல்ச்சோர் ஆர்ட்டியாகா என்னும் உள்ளூர் உழவர். பெற்ற கூலி ஒரு சோல் நாணயம். ‘கண்டுபிடிக்கப்பட்ட’ அந்நகரின் படிக்கட்டு நிலங்களில் அன்றைக்கே குடியானவர் பயிரிட்டுக்கொண்டிருந்தனர்.

ஆர்ட்டியாகாவுக்குத் திரையில் கிடைத்த இடம் யாது? ‘றெயிடர்ஸ்’ படத்தின் தொடக்கம் 1936இல், அதே பெருவில் நிகழ்வதாகக் காட்டப்படுகிறது. ஜோன்ஸுடன் செல்லும் உள்ளூர் ஆட்களில் ஒருவன் அஞ்சி ஓடுகிறான். ஒருவன் பின்னின்று சுட முயல்கிறான். மற்றொருவன் பொற்சிலையைப் பறித்துக்கொண்டு நாயகனைக் கைவிடுகிறான். வழி காட்டுவோனும் சுமை தூக்குவோனும் ஒன்றில் கோழைகள், அன்றேல் துரோகிகள். மேலங்கியோடு சேர்ந்து கைமாறிய சொத்து இதுவே என்பது நம் கருத்து. எம் பாட்டன்மார்க்குத் தொப்பி என்றால் பிரட்டுக்களத்தில் நிற்கும் துரையின் தொப்பிதான். எனவே கூடை சுமந்த முதுகுகளின் பக்கமிருந்து இப்படங்களைப் பார்ப்பது நமக்கு இயல்பாகவே வருகிறது.

இவ்வாறு பார்ப்பதற்குக் கித்துல்கலவைவிடத் தகுந்த இடம் வேறில்லை. 1957இல் டேவிட் லீன் நெறியாள்கையில் வெளிவந்த ‘த பிறிட்ஜ் ஒன் த றிவர் குவாய்’ படத்துக்காக இங்கே களனி கங்கையின் குறுக்கே மரப்பாலம் கட்டப்பட்டு, அவ்வாண்டு மார்ச்சில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அது புதையற் படமன்று. எனினும் வில்லியம் ஹோல்டன் ஏற்ற ஷியர்ஸ் என்னும் அமெரிக்கன், தன்னலமே பெரிதென்று கூறித் திரிந்து இறுதியில் வீரனாகும் வகையில், ஹரி ஸ்டீலின் உடன்பிறப்பே ஆவான். அவனும் அவன் கூட்டாளிகளும் காட்டினூடே செல்கையில் சுமை தூக்கி வருவோர் சயாமியப் பெண்கள். அவர்களின் அழகைக் காட்டும் கமரா, அவர்களுக்கெனச் சொல்ல ஒரு கதை இருக்கக்கூடும் என எண்ணியதாகத் தெரியவில்லை.

இதனினும் பெரிய மறைப்பு ஒன்று அப்படத்தில் உண்டு. 1942, 1943 ஆம் ஆண்டுகளில் யப்பானியர் அமைத்த சயாம்–பர்மா ரயில் பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீற்றர். நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் உழைத்து, 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சத்தை அண்மிய தொகையினர். இறந்தோர் ஏறக்குறைய 90,000 பேர் எனக் கணக்கிடுவர். இவர்களுள் பெருந்தொகையானோர் மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர். றப்பர் மரங்கள் சூழ்ந்த இக்கித்துல்கலவிலே, கூலித் தமிழர் நிறைந்த சப்பிரகமுவாவிலே எடுக்கப்பட்ட அப்படத்தில், அத்தமிழருக்கு இடமில்லை. பாலத்தைக் கட்டுவோர் முழுவதும் வெள்ளைக் கைதிகளே.

திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் பொதுவுடைமையரென முத்திரை குத்தப்பட்டு ஹொலிவூட்டால் விலக்கப்பட்டிருந்தவர்கள். ஒஸ்கார் விருது, திரைக்கதையை எழுதாத நாவலாசிரியர் பியர் பூலின் பெயருக்கே போயிற்று. உரியவர்க்கு அது வழங்கப்பட்டது அவர்கள் மறைந்த பின்னரே. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பொருளாகக் கொண்ட ‘சோல்ட் ஒஃப் த ஏர்த்’ படத்தை எழுதியவரும் இதே வில்சன்தான். உழைப்பாளரை அறிந்த அக்கையும் இங்கே உழைப்பாளரைக் காணத் தவறியது என்றால், குறை தனிமனிதரின் மனச்சாட்சியில் இல்லை. அப்பட வகையின் அச்சிலேயே உள்ளது.

ஜோன்ஸ் வரிசையின் இரண்டாம் படமான ‘டெம்பிள் ஒஃப் டூம்’ 1984இல் வெளிவந்தது. அதன் திரைக்கதை இந்திய அரசுக்கு ஏற்புடையதாகாமற் போகவே, படக்குழு இலங்கைக்கு வந்து 1983 ஏப்பிரலில் கண்டியில் படப்பிடிப்பைத் தொடங்கிற்று. காட்டப்படுவது இந்தியக் கிராமம். மக்கள் பேசுவது சிங்களம். ஹொலிவூட்டுக்கு இரண்டும் ஒன்றே. (கிராமத்துப் பெரியவராக நடித்த டி. ஆர். நாணாயக்கார, சிங்களத் திரையின் தேர்ந்த கலைஞர்.) இதில் புதையல் கிராமத்துக்கே திரும்பக் கொடுக்கப்படுகிறது, சுரங்கத்தில் அடிமைகளாக உழலும் சிறுவர்களை நாயகன் மீட்கிறான். நல்லதுதான். ஆனால் மீட்பன் வெளியிலிருந்தே வரவேண்டும் என்பதும், அடிமைப்படுத்துவோன் இந்நாட்டுக் காளிபக்தனே என்பதும் 1939இல் வந்த ‘குங்கா டின்’ காலத்துக் கற்பனை. படப்பிடிப்பு நடந்த அதே மலைகளில் உழைத்த தமிழர் பலர், 1948இல் பறிக்கப்பட்ட பிரசாவுரிமையை அன்றும் மீளப் பெறாதிருந்தனர். படக்குழு சென்ற சில மாதங்களில் 1983 ஜூலை வந்தது. அதன் பின் லயங்களில் நிகழ்ந்ததை இவ்விதழின் வாசகர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

தமிழில் இம்மரபு எவ்வுருக் கொண்டது என்பதற்குச் செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (2010) சான்று. காணாமற்போன ஆய்வாளரையும் சோழரின் தடத்தையும் தேடிச் செல்லும் அக்கதையில், கார்த்தி ஏற்ற முத்து என்பவன் பேராசிரியன் அல்லன். சுமை தூக்கும் கூலிகளின் தலைவன். ஆர்ட்டியாகாவை நாயகனாக்கியது போன்ற மாற்றம் இது. படத்தின் பிற்பகுதியில் மறைந்து வாழும் சோழக் குடியை நவீனப் படை அழிக்கும் காட்சிகளை, 2009 மே மாதத்தை நினையாமல் பார்த்த ஈழத்தமிழர் குறைவு. அங்கே ‘கண்டுபிடிப்பு’ என்பது கண்டுபிடிக்கப்பட்டோரின் அழிவாகவே முடிகிறது. ஹொலிவூட் படங்கள் சொல்லத் துணியாத உண்மை இது. பெண்பாத்திரங்களைக் கையாண்ட முறையிலும் குருதிக் காட்சிகளின் மிகையிலும் படம் தடுமாறுகிறது என்பதையும் நாம் மறுக்கவில்லை.

முத்து ஒருவன் சோழச் சிறுவனோடு தப்புகிறான். அவனை நம்பிச் சுமை தூக்கி வந்தோர் கடலோரத்திலும் மணலிலும் பாதி வழியிலேயே கும்பலாக மடிந்துபோகின்றனர். படம் முடிந்து எழும்போது அவர்களில் ஒருவரின் பெயரும் நம் நினைவில் இல்லை.