எண்ணிக்கையும் உரிமையும்: 'மக்கள் தீர்ப்பு' வாதம் பற்றி ஒரு நோக்கு

2023 ஆம் ஆண்டிலே இலங்கை உயர் நீதிமன்றத்தின் முன் எழுந்த ஒரு பிரச்சினை, சட்டத்துறையினரிடையே பேசப்பட்ட அளவிற்குத் தமிழ்ச் சூழலிலே பேசப்படவில்லை. வயதுவந்த இருவர் தம் விருப்போடு கொள்ளும் ஒருபாலுறவைக் குற்றம் என்னும் நிலையிலிருந்து நீக்கும் பொருட்டு, தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகளைத் திருத்துவதற்குப் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த தனி உறுப்பினர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதனை எதிர்த்து மனுச் செய்தோர், சாதாரணப் பெரும்பான்மையால் இதனை நிறைவேற்றலாகாது, மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் அதற்கு மேலாக நாடளாவிய மக்கள் தீர்ப்பும் வேண்டும் என வாதிட்டனர். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. சட்டமூலம் முழுமையாகவோ பகுதியாகவோ அரசியலமைப்புக்கு முரணானதன்று என்னும் முடிபு அவ்வாண்டு மே மாதத்திலே சபாநாயகரால் அறிவிக்கப்பட்டது.

வழக்கு முடிந்தது, வாதம் முடியவில்லை. "எதற்கும் மக்களைக் கேட்டாலென்ன?" என்னும் வினா கற்றோர் மத்தியிலும் செல்வாக்குடையதாகவே உள்ளது. சனநாயகத்தின் குரல் போல ஒலிப்பதால் அதனை மறுப்பவர் மக்களுக்கு அஞ்சுபவர் போலத் தோன்றிவிடுகிறார். அவ்வினா யாழ்ப்பாணத்தவர் வாயிலிருந்து வரும்போது அதன் பொருள் யாது என்பதே இங்கு நோக்கப்படுகிறது.

முதலிலே சொல்லைக் கவனிப்போம். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் தமிழ் வடிவம் இதனை 'மக்கள் தீர்ப்பு' என்றே வழங்குகிறது. 'பொதுசன வாக்கெடுப்பு' என்று நாம் எழுதும்போது அது ஒரு செயலைக் குறிக்கிறது. 'தீர்ப்பு' என்றதும் நீதியின் சாயல் அதன்மேற் படிந்துவிடுகிறது. தீர்ப்பு வழங்குபவர் இரு தரப்பையும் கேட்கக் கடமைப்பட்டவர்; முடிபுக்குக் காரணங் காட்டக் கடமைப்பட்டவர். வாக்குச் சீட்டிலே புள்ளடியிடுபவருக்கு இவ்விரண்டு கடமையும் இல்லை. 83 ஆம் உறுப்புரை மக்கள் தீர்ப்பைக் கட்டாயமாக்கும் ஏற்பாடுகளைப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். ஒற்றையாட்சி அங்கே உண்டு. பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளிக்கும் ஒன்பதாம் உறுப்புரையும் உண்டு. ஆட்களின் சமத்துவத்தைக் கூறும் பன்னிரண்டாம் உறுப்புரை அப்பட்டியலில் இல்லை. இவ்வமைப்பின் பொருளை நமது வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்நாட்டு மக்கள் நாடளாவிய தீர்ப்புக்காக அழைக்கப்பட்டது ஒரே ஒரு முறைதான். 1982 டிசெம்பர் 22 ஆந் திகதி, 1977 இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைப் பொதுத் தேர்தல் இன்றியே மேலும் ஆறு ஆண்டுகள் நீடிப்பதா என்பது வினா. ஆம் என்போருக்கு விளக்கு, இல்லை என்போருக்குக் குடம். அவசரகால நிலையின் கீழ் அவ்வாக்கெடுப்பு நடந்தது; அதன் சீர்கேடுகளைத் தேர்தல் ஆணையாளரே பின்னர் தமது அறிக்கையிற் பதிவு செய்தார். நாடு முழுவதிலும் விளக்குக்கு 54.66 சதவீதம் கிடைத்தது. யாழ்ப்பாண மாவட்டத்திலோ வாக்களித்தோருள் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்கே புள்ளடியிட்டனர். இங்கே அவ்வளவு தெளிவாக மறுக்கப்பட்ட ஒன்று, வேறிடத்து எண்ணிக்கையால் இங்கும் சட்டமாயிற்று. அடுத்த ஆண்டிலே யூலைக் கலவரமும் ஆறாந் திருத்தமும் வந்தன. சத்தியப் பிரமாணத்துக்கு உடன்படாத தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர் ஆசனங்களை இழந்தனர். மக்கள் தீர்ப்பால் நீடிக்கப்பட்ட அதே பாராளுமன்றத்தில் நமக்காகப் பேசுவோர் இல்லாது போயினர். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தையும் 1956 இன் அரசகரும மொழிச் சட்டத்தையும் பெரும்பான்மையே நிறைவேற்றியது என்பதையும் இதனோடு சேர்த்துக் கொள்ளலாம். எண்ணிக்கை நியாயமாகாது என்பதே அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ் அரசியலின் அடிப்படை வாதம். அவ்வாதத்தைக் கொழும்பை நோக்கிக் கூறிவிட்டு, நம்மிடையே உள்ள சிறு தொகையினரை நோக்கி 'பெரும்பாலோர் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்' என்பது எவ்வகையிற் பொருந்தும்?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. தமிழர் ஓர் இனம். இவர்களோ ஒழுக்கத்தால் வேறுபட்ட சிலர். இரண்டையும் ஒப்பிடலாகாது என்பர். அம்மறுப்பை ஏற்றுக்கொண்டாலும், நாமே பெரும்பான்மையாயிருந்த இடம் ஒன்றை மறக்க இயலாது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் நிறைவேறியது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலிலே தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே செல்ல நின்றபோது, அவர்களைத் தடுத்தோரின் முன்னணியில் நின்றவர் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம், ஒரு காலத்திலே கணிதப் பேராசிரியர். தடுத்தோர் கூறிய சொற்களும் இன்று கேட்கும் சொற்களே: மரபு, ஆசாரம், ஊரின் விருப்பம். அன்று குடாநாட்டிலே ஒரு வாக்கெடுப்பு நடந்திருப்பின் முடிபு எவ்வாறிருந்திருக்கும்? ஊகமே ஆயினும், கோவிற் கதவு திறந்திருக்கும் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடியவர் நம்மிற் சிலரே இருப்பர். சட்டம் முன்னே வந்தது. மனம் பின்னே வந்தது. சில இடங்களில் இன்னும் வந்து சேரவில்லை.

பண்பாடு என்னும் வாதத்துக்கு வருவோம். 365 ஆம் பிரிவு 'இயற்கையின் ஒழுங்குக்கு மாறான' புணர்ச்சி பற்றிப் பேசுகிறது. இச்சொற்றொடர் நமது நிலத்திலே முளைத்ததன்று. இந்தியாவுக்கென மெக்காலே வரைந்த கோவையின் 377 ஆம் பிரிவிலிருந்து 1883 இன் இலங்கைக் கோவைக்கு வந்தது அது. விக்டோரியாக் கால ஆங்கிலேயரின் நாணமே இங்கு இயற்கை எனப்பட்டது. தமிழ்ப் பண்பாட்டைக் காக்கப் புறப்பட்டோர் குடியேற்ற ஆட்சியின் வாசகத்தைக் கட்டிக் காப்பது வேடிக்கையே. இன்னொரு வேடிக்கை, 1995 ஆம் ஆண்டுத் திருத்தம். 'ஆண்' என்றிருந்த இடத்தில் 'ஆள்' என மாற்றியதன் விளைவாக, அதுவரை 365அ பிரிவின் எல்லைக்கு வெளியே இருந்த பெண்களும் குற்றவாளிகளாகும் நிலை ஏற்பட்டது. சமத்துவம் இவ்வழியாலும் வரும் போலும்!

ஒல்லாந்தர் காலத்திலே தொகுக்கப்பட்ட தேசவழமையைச் சிலர் துணைக்கு அழைக்கலாம். முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஈடு, அடிமை ஆகியவற்றைப் பற்றி விரிவாகக் கூறும் அந்நூல் இவ்வுறவைக் குற்றமாக வகுக்கவில்லை. அது குற்றவியல் நூலன்று. ஆதலால் அம்மௌனத்தை ஒப்புதலாகக் கொள்வது தவறு. இதே எச்சரிக்கை எதிர்த்தரப்பாருக்கும் உரியது. அண்மைக் காலத்திலே உரிமை கோருவோருட் சிலர் சங்கச் செய்யுளிலே சான்று தேடுகின்றனர். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது உடன் உயிர்நீத்த பிசிராந்தையாரையும் விட்டுவைக்கவில்லை. நட்பின் உச்சத்தைக் காமமாகப் படிப்பதற்கு அப்பாடல்களிலே இடமில்லை. தொல்காப்பியர் ஆண்மை திரிந்தோரைச் சுட்டும் பெயரை உயர்திணையில் வைத்தார் என்பதும், பொருந்தாக் காமத்தையும் பெருந்திணை எனத் திணைகளுள் ஒன்றாகக் கொண்டார் என்பதும் கவனிக்கத்தக்கன; அவர் கண்ட உலகம் இன்றைய ஒழுக்கவாதிகள் காட்டும் உலகத்தினும் அகன்றது என்பதற்கு அவை போதும். அதற்கு மேல் அவற்றின்மீது சுமை ஏற்றலாகாது. கோவில் வாயிலில் நின்றோர் உள்ளே செல்ல உரிமையுடையோராயிருந்தது, அவர்தம் முன்னோர் உள்ளே சென்றனர் என்பதனாலன்று.

வெளிநாட்டு அனுபவத்தைக் காட்டுவோர் பெரும்பாலும் அயர்லாந்தையே காட்டுவர். 2015 மே 22 ஆந் திகதி அந்நாட்டு மக்கள் 62 சதவீத வாக்குகளால் ஒருபாலினர் திருமணத்தை ஏற்றனர். உண்மையே, ஆனால் அது கதையின் பிற்பகுதி. அங்கும் பழைய பிரித்தானியச் சட்டமே நிலவியது. டப்ளின் திரித்துவக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவரும் ஜேம்ஸ் ஜொய்ஸ் ஆய்வாளருமான டேவிட் நொரிஸ் அதற்கு எதிராக வழக்காடினார். 1983 இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் கிறிஸ்தவ ஒழுக்கத்தை ஆதாரங் காட்டி அவரை மறுத்தது. 1988 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. 1993 இல் பாராளுமன்றம் சட்டத்தை மாற்றியது. குற்றவாளி என்னும் முத்திரை நீங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் வெளிப்படையாக வாழ்ந்த பின்னரே அயலவரின் வாக்கு அவர்களுக்குக் கிடைத்தது. குற்றவாளியாயிருக்கும் ஒருவர் வாக்குக் கேட்டு வீடு வீடாகச் செல்வது எங்ஙனம்? தாய்வானில் 2018 நவெம்பரில் பெரும்பான்மை எதிராகவே வாக்களித்தது. முந்திய ஆண்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அளித்த விளக்கம் நிலைத்தமையாலேயே 2019 இல் திருமணச் சட்டம் வந்தது. இந்தியாவில் 2013 இல் உச்ச நீதிமன்றம் இவர்கள் மிகச் சிறு தொகையினர் என்பதையே ஒரு காரணமாகக் கொண்டு 377 ஆம் பிரிவை மீள நிறுத்தியது. 2018 செப்டெம்பர் 6 ஆந் திகதி அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், தொகை சிறிதாதல் உரிமையை மறுப்பதற்குக் காரணமாகாது எனக் கூறி அத்தீர்ப்பைக் கவிழ்த்தனர்.

"இங்கு யாரைச் சிறையிலிட்டார்கள்?" என்று கேட்போரும் உளர். நமது உயர் நீதிமன்றமே 2016 இல் ஒரு வழக்கிலே, வயதுவந்தோரின் விருப்புறவைச் சட்டம் கண்காணிக்க வேண்டியதில்லை என்பது இக்காலச் சிந்தனை என்பதை ஏற்றுச் சிறைத்தண்டனையை ஒத்திவைத்தது. எனினும் குற்றத் தீர்ப்பை அழிக்கவில்லை, அழிக்க அதற்கு வழியும் இருக்கவில்லை. இச்சட்டம் நீதிமன்றத்திலே செய்வதினும் நீதிமன்றத்துக்கு வெளியே செய்வதே அதிகம். பத்து ஆண்டுச் சிறை என்னும் ஏடு ஒன்று இருக்கும்வரை, அதனைக் காட்டிப் பணம் பறிப்பவனுக்கு வழக்குத் தேவையில்லை. அடிபட்டவர் முறைப்பாடு செய்யப் பொலிசுக்குப் போக முடியாது. வாடகை வீட்டிலிருந்து நீக்கப்படுபவர் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த குடாநாட்டு ஊர்களிலே இவ்வச்சம் கொழும்பினும் பன்மடங்கு. அண்மைக் காலத்தில் திருநங்கையர் உள்ளிட்டோர் யாழ் நகர வீதியிலே கொடி ஏந்தி நடந்தனர் எனின், அவர்களின் துணிவை இவ்வச்சத்தோடு வைத்தே அளக்க வேண்டும். நமது விரிவுரை மண்டபங்களில் பின்வரிசையிலிருந்து இவ்விவாதத்தை மௌனமாகக் கேட்கும் மாணவரும் இருப்பர்.

2024 இல் பால்நிலைச் சமத்துவச் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தின் முன் சென்றபோது காற்று திரும்பி வீசியது. அது பன்னிரண்டாம் உறுப்புரையோடு முற்றாக முரண்படுகிறது, சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேற்ற இயலாது என்று முடிபாயிற்று. சமத்துவம் கோரும் சட்டமூலம் சமத்துவ உறுப்புரைக்கே முரணாயிற்று என்பதைச் சட்ட மாணவர்தாம் நமக்கு விளக்க வேண்டும். தொலவத்தவின் சட்டமூலமோ, நீதிமன்றம் வழிவிட்ட பின்னரும் வாக்கெடுப்புக்கு வராமலே, 2024 செப்டெம்பர் 24 ஆந் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு காலாவதியாயிற்று. மக்களைக் கேட்கவேண்டும் என்று வாதாடியவர்கள் தோற்ற வழக்கிலே, மக்களின் பிரதிநிதிகள் ஒரு தடவையேனும் கையுயர்த்தும்படி கேட்கப்படவில்லை. நமது மாவட்ட உறுப்பினர் எப்பக்கம் நின்றிருப்பர் என்பதும் அதனால் தெரியாமலே போயிற்று.