பனம்பழம், காக்கை, 55-ஆவது நகர்த்தல்

விளையாட்டுப் பக்கத்துக்குத் தலைப்பு வைப்பவர்களிடம் எப்போதும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் தயாராக இருக்கும்: ‘கனவு நனவானது’. கோப்பையை யார் தூக்கினாலும் மை தொட்டுக் குத்திவிடலாம். 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் டிங் லிரெனை வீழ்த்தி 18 வயது குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனபோதும் அதைத்தான் குத்தினோம். ‘குத்தினோம்’ என்று என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்படிப்பட்ட நேரத்தில் ஆங்கில வர்ணனையாளர்கள் ‘கம் டு ஃப்ரூயிஷன்’ என்பார்கள். திட்டம் கனிந்தது, எண்ணியது கைகூடியது என்ற பொருளில். வேடிக்கை என்னவென்றால், ஃப்ரூயிஷன் என்ற சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் பழுப்பது அல்ல, அனுபவித்து மகிழ்வது. ‘ஃப்ரூட்’ என்று காதில் விழுந்ததால் பிற்காலத்தில்தான் பழம் வந்து ஒட்டிக்கொண்டது. நம் பக்கம் அந்தக் குழப்பம் இல்லை. ‘கனவு பலித்தது’ என்று வீட்டில் சொல்கிறோமே, அந்தப் பலிப்புக்குள் பலன் இருக்கிறது, பலனுக்குள் பழமும் இருக்கிறது. நனவானது என்றால் நேற்று இரவு தூங்கினான், காலையில் விழித்தான், கையில் கோப்பை என்கிற மாதிரி இருக்கிறது. பலித்தது என்றால் நடுவே ஒரு மரம் நின்றாக வேண்டும்.

சொல்லாராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். அந்தப் போட்டி முடிந்ததும் எழுந்த சர்ச்சையே இதைப் பற்றியதுதான். டிங் தவறு செய்தார், பையன் பொறுக்கிக்கொண்டான், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றார்கள் சிலர். முன்னாள் சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக், ஆட்டத்தின் தரத்தைப் பற்றி இன்னும் கடுமையாகவே எழுதினார். பழுத்ததா, தானாக விழுந்ததா? அந்தக் கடைசி ஆட்டத்தை மறுபடி நகர்த்திப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் பதில் வேறு.

14 ஆட்டங்கள் கொண்ட போட்டி. 13 முடிந்தபோது 6.5 - 6.5. கடைசி ஆட்டத்தில் டிங்குக்கு வெள்ளைக் காய்கள். டிராவில் முடிந்தால் மறுநாள் ரேபிட் டை-பிரேக், அதாவது குறைந்த நேர ஆட்டங்கள். 2023-இல் அஸ்தானாவில் நெபோம்னியாச்சியை வென்று டிங் உலகப் பட்டம் பெற்றதே ரேபிட் டை-பிரேக்கில்தான். அதனால் அவருக்கு டிரா கசக்காது. வெள்ளைக் காய்களை வைத்துக்கொண்டு வெல்லப் பார்க்காமல், காய்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொடுத்து, ஒரு சிப்பாய் குறைந்தாலும் பரவாயில்லை என்று பலகையைக் காலி செய்துகொண்டே போனார். மிச்சம் இருந்தது ஆளுக்கொரு யானை, ஆளுக்கொரு மந்திரி, ராஜாவின் பக்கம் கொஞ்சம் சிப்பாய்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். எல்லாச் சிப்பாய்களும் ஒரே பக்கம் கூடி நிற்கும்போது அந்த ஒரு சிப்பாய் பெரும்பாலும் சோறு போடாது. கணினியின் மதிப்பீடு சமன் என்றது. பார்த்துக்கொண்டிருந்த கிராண்ட்மாஸ்டர்களில் பலரும் மறுநாளைய டை-பிரேக்கைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

இரண்டு பேர் கைகொடுத்துவிட்டு எழுந்திருக்கக்கூடிய நிலை அது. குகேஷ் எழுந்திருக்கவில்லை. யானையை இங்கே, மந்திரியை அங்கே, ராஜாவை ஒரு கட்டம் முன்னே என்று நகர்த்திக்கொண்டே இருந்தார். எதிரியைக் கேள்வி கேட்கிற நகர்த்தல்கள். ஒவ்வொன்றுக்கும் விடை சுலபம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் விடை சொல்லியாக வேண்டும். மூன்று வாரம் தேய்ந்த மூளையை வைத்துக்கொண்டு, கடிகாரம் குறையக் குறையச் சொல்லியாக வேண்டும். டிங்கின் மந்திரியோ பலகையின் மூலையில் a8 கட்டத்தில் ஒதுங்கி நின்றது. அப்படி ஒதுங்குவதில் தப்பு ஒன்றும் இல்லை, யானைகள் பலகையில் இருக்கும்வரை.

55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை f2-இல் வைத்தார். யானைக்கு யானை வெட்டிக்கொண்டால் வேலை இன்னும் எளிது என்ற கணக்கு. அவருடைய அன்றைய திட்டத்துக்கு முழுக்க முழுக்கப் பொருத்தமான நகர்த்தல் அது. தவறு உதித்ததே அங்கேதான். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் மந்திரியை d5-இல் நிறுத்தினார். மூலையில் நின்ற மந்திரிக்கு வெளியேற வழி அந்த ஒரே சாய்கோடு. அதன் நடுவில் கறுப்பு மந்திரி. b7-க்குப் போனாலும் c6-க்குப் போனாலும் வெட்டு. மந்திரிகளும் போனால் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும். அங்கே ஒரு சிப்பாய் கூடுதல் என்றால் ஆட்டம் முடிந்தது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 58-ஆவது நகர்த்தலோடு டிங் கைகொடுத்தார். 7.5 - 6.5.

பிழை டிங்குடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் டிரா கிடைக்கும் என்று தெரிந்தும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தவர் யார்? பனம்பழம் விழுந்தது உண்மை. காக்கை அன்று முழுக்க மரத்தைவிட்டு நகரவில்லை என்பதும் உண்மை.

இந்தப் பிடிவாதம் அன்று முளைத்தது அல்ல. குகேஷை வளர்த்த பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஒரு சோதனை செய்தார். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் கணினி எஞ்சினைத் தட்டி விடை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பையனுக்கு அதைக் காட்டவில்லை. கிராண்ட்மாஸ்டர் தரத்தை எட்டும்வரை எஞ்சின் இல்லாமலேதான் பயிற்சி. பார், யோசி, கணக்குப் போடு, தப்பானால் அடி வாங்கு. இதற்கு ஒரு விலை உண்டு: தொடக்க நகர்த்தல் தயாரிப்பில் மற்ற பிள்ளைகள் முன்னே போய்விடுவார்கள். லாபம் எங்கே என்றால், எஞ்சின் 0.00 என்று காட்டும் நிலையை ‘முடிந்தது’ என்று படிக்கும் பழக்கம் இந்தப் பையனுக்கு வரவில்லை. எஞ்சினுக்கு அது சமன். எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அது இன்னும் மூன்று மணி நேர வேலை.

அதே போட்டியின் 6-ஆவது ஆட்டத்தைப் பாருங்கள். நகர்த்தல்களைத் திரும்பச் செய்து டிராவில் முடிக்க டிங் வழி திறந்தார். கறுப்புக் காய்கள், நிலைமையும் அவ்வளவு வசதியில்லை, எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். குகேஷ் ராணியை h4-க்கு அனுப்பி ஆட்டத்தை நீட்டினார். எஞ்சினுக்கு அது பிடிக்கவில்லை, எனக்கும் அன்று பிடிக்கவில்லை. வீண் வீம்பு என்று நினைத்தேன். அந்த ஆட்டம் கடைசியில் டிராதான். ஆனால் எதிரே இருந்தவருக்குச் சேதி போய்விட்டது: இவனிடம் இலவச ஓய்வு கிடைக்காது.

இந்தக் குணம் எப்போதும் பழம் கொடுக்கும் என்று நினைத்தால் மாமல்லபுரத்தை மறந்துவிட்டோம் என்று பொருள். அங்கே நடந்த 2022 செஸ் ஒலிம்பியாடில் இந்திய ‘பி’ அணியின் முதல் பலகையில் குகேஷ் தொடர்ந்து 8 ஆட்டங்களை வென்றார். 10-ஆவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவோடு ஆட்டம். வென்றிருக்க வேண்டிய நிலை, கை நழுவிச் சமனானது. அங்கே நிறுத்தியிருந்தால் அரைப் புள்ளி. நிறுத்தவில்லை, நேர நெருக்கடியில் தவறி, தோற்றார். அந்தச் சுற்று 2 - 2 ஆனது. முடிவில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, நம் பிள்ளைகளுக்கு வெண்கலம். தோற்றபின் அவர் நாற்காலியில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்த காட்சியைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. தனிநபர் தங்கம் அவருக்குத்தான் கிடைத்தது. அன்று அதற்கு என்ன ருசி இருந்திருக்கும்?

கனவு என்கிறோமே, அதற்குக்கூட இங்கே நாளும் இடமும் உண்டு. 2013 நவம்பரில் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் மோதினார்கள். ஏழு வயதுப் பையன் ஒருவன் பார்வையாளர் பக்கமிருந்து கண்ணாடி அறைக்குள் பார்த்தான். ஆனந்த் 3.5 - 6.5 என்று பட்டத்தை இழந்தார். போனதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அன்று தோன்றியதாக குகேஷே பின்னர் சொல்லியிருக்கிறார். 11 வயதில் கேமரா முன்னால் நின்று, உலகின் மிக இளைய சாம்பியன் ஆவேன் என்றார். அப்போது அந்தச் சாதனை 1985-இல் 22 வயதில் பட்டம் வென்ற காஸ்பரோவிடம் இருந்தது. ‘சாம்பியன் ஆவேன்’ என்று எந்தப் பிள்ளையும் சொல்லும். ‘மிக இளைய’ என்று சேர்த்ததும் அதற்குக் கெடு வந்துவிட்டது.

கெடு வைத்த கனவுக்குச் செலவும் அதிகம். காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவரான அப்பா ரஜினிகாந்த் தொழிலை ஒதுக்கிவிட்டுப் பையனோடு நாடு நாடாகச் சுற்றினார். நுண்ணுயிரியல் நிபுணரான அம்மா பத்மாவின் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. 2019 ஜனவரியில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வந்தபோது வயது 12 ஆண்டு 7 மாதம் 17 நாள். கர்யாகின் வைத்திருந்த ‘மிக இளைய கிராண்ட்மாஸ்டர்’ சாதனை 17 நாளில் தவறியது. அந்தக் கெடு பலிக்கவில்லை. அதற்கு யாரும் ஸ்டாம்ப் குத்துவதில்லை.

இடையில் கைகொடுத்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2023 கடைசியில், உலக சாம்பியனோடு மோதுபவரைத் தீர்மானிக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதிபெற குகேஷுக்குப் புள்ளிகள் தேவைப்பட்டன; டிசம்பரில் தமிழ்நாடு அரசின் ஆதரவோடு அவசர அவசரமாக ‘சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ்’ போட்டி ஏற்பாடானது. அர்ஜுன் எரிகைசியோடு சமப்புள்ளி பெற்று, டை-பிரேக் கணக்கில் குகேஷ் முதலிடம். கடைசி நேரத்தில் இப்படி ஒரு போட்டியா என்று வெளிநாட்டில் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பில் கொஞ்சம் நியாயம் உண்டு. கதவைத் திறந்துவிட்டார்கள், ஆனால் 2024 ஏப்ரலில் டொரண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸில் யாரும் திறந்துவிடவில்லை. அங்கே 7-ஆவது சுற்றில் ஃபிரூஜாவிடம் தோற்றார். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் தன்னால் முடியும் என்று தெளிவாக உணர்ந்ததாக அவர் பின்னர் சொன்னது விசித்திரமாகத் தோன்றும். மாமல்லபுரத்தை நினைத்துப் பார்த்தால் அவ்வளவு விசித்திரம் இல்லை. 14 சுற்றுகளில் 9 புள்ளிகள், தனி முதலிடம்.

டிங்கை மறந்துவிட்டு இதை எழுதுவது அநியாயம். 2023-இல் பட்டம் வென்ற பிறகு மனச்சோர்வில் துவண்டு, மாதக்கணக்கில் பலகையைவிட்டு விலகியிருந்தவர். தரவரிசையில் 20-க்கும் கீழே இறங்கியபடி சிங்கப்பூருக்கு வந்தார். எளிதில் தோற்றுவிடுவார் என்றார்கள். முதல் ஆட்டத்திலேயே கறுப்புக் காய்களோடு வென்றார். 11-ஆவதில் சறுக்கிப் பின்தங்கியதும், 12-ஆவதில் குகேஷை மூச்சுவிட விடாமல் அடித்துச் சமன் செய்தார். டை-பிரேக்குக்குக் கொண்டுபோவது என்ற அவருடைய திட்டமும் ஏறக்குறையப் பலித்துவிட்டது, 54 நகர்த்தல்கள்வரை.

இன்னொன்று, ஆட்டத்துக்குத் தொடர்பில்லாதது. டிசம்பர் 11 ஆனந்தின் பிறந்தநாள். 12 நடிகர் ரஜினிகாந்தின் பிறந்தநாள். சாம்பியனின் அப்பா பெயர் ரஜினிகாந்த். ஒரு திரைக்கதையில் இதை எழுதியிருந்தால் ரொம்ப ஓவர் என்று இயக்குநரே அடித்திருப்பார்.

யானை f2-க்கு வந்ததும் குகேஷ் உடனே வெட்டவில்லை. முகத்தில் ஒரு நொடி நம்ப முடியாத சிரிப்பு, பிறகு அதை மறைக்கிற முயற்சி, தண்ணீர், மறுபடி கணக்கு. எல்லாம் முடிந்து டிங் எழுந்து போன பிறகு அவர் அழுதுகொண்டே காய்களைத் தொடக்கக் கட்டங்களில் அடுக்கினார். ஆங்கிலக்காரர்களின் அந்தச் சொல்லுக்கு இருந்த பழைய பொருள், அனுபவித்தல், அன்று அவருக்குக் கிடைத்தது அந்த ஐந்து பத்து நிமிடங்கள்தான் என்று நினைக்கிறேன். அதன் பிறகு மாலைகள், ஊர்வலம், தமிழ்நாடு அரசின் 5 கோடி ரூபாய், கூடவே ‘உண்மையான நம்பர் ஒன் கார்ல்சன்தானே’ என்ற பேச்சு.

2025 ஜூன் 1-ஆம் தேதி நார்வேயில் அந்தக் கார்ல்சனோடு ஆட்டம். குகேஷ் நெடுநேரம் தோற்கும் நிலையில் இருந்தார். கைகொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். விடாமல் ஆடினார்; கார்ல்சன் குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்தார், தோற்றார், மேசையில் ஓங்கிக் குத்தினார், காய்கள் சிதறின. மூன்று மாதம் கழித்து சாமர்கண்டில் கிராண்ட் ஸ்விஸ் போட்டி. அங்கே குகேஷ் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் தோற்றார். முதலாவது, 16 வயது அபிமன்யு மிஸ்ராவிடம். அந்தப் பையனிடம்தான் இப்போது ‘மிக இளைய கிராண்ட்மாஸ்டர்’ சாதனை இருக்கிறது: 12 ஆண்டு, 4 மாதம், 25 நாள்.