திரையில் தொலைந்த மினா

திரைப்படங்களின் வழியாக மட்டும் டிராகுலாவை அறிந்தவர்கள், 1897இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் நாவலைத் திறந்தால் திகைத்துப்போவார்கள். முதல் நான்கு அத்தியாயங்களில் கோட்டைக்குள் நடமாடும் பிரபு, இங்கிலாந்துக்கு வந்தபின் பெரும்பாலும் மறைந்தே இருக்கிறான். நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் நறுக்குகள், போனோகிராஃப் உருளையில் பதிந்த ஒரு மருத்துவரின் குரல் என்று கதை துண்டு துண்டாகவே வந்து சேர்கிறது. அவற்றைத் தட்டச்சு செய்து நாள்வாரியாக அடுக்குபவள் மினா ஹார்க்கர். சுருக்கெழுத்து தெரிந்தவள், ரயில் கால அட்டவணைகள் மனப்பாடம். டிராகுலா எந்த ஆற்றுவழியாகத் தப்புவான் என்று கணித்துச் சொல்பவளும் அவளே. சினிமா பிரபுவைப் பிடித்துக்கொண்டது, மினாவைக் கைவிட்டது.

முர்னாவின் மௌனப்படம் 'நோஸ்ஃபெராட்டு' (1922) உரிமை வாங்காமல் எடுக்கப்பட்டது. டிராகுலா ஓர்லோக் ஆனான், மினா எல்லன் ஆனாள். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் வழக்காடினார். 1925இல் ஜெர்மானிய நீதிமன்றம் பிரதிகளை அழிக்க உத்தரவிட்டது. தப்பிய சில பிரதிகளால்தான் அந்த மகத்தான படம் இன்று நமக்குக் கிடைக்கிறது. வெயில் பட்டதும் இரத்தக்காட்டேரி மடிந்துபோவது அந்தப் படம் உண்டாக்கிய முடிவு. நாவலின் டிராகுலா லண்டன் பிக்கடிலியில் பட்டப்பகலில் நடக்கிறான். கடைசியில் கத்திகளுக்கு இரையாகிறான். படத்தில் எல்லன், விடியும்வரை தன் இரத்தத்தைக் கொடுத்து ஓர்லோக்கைப் பிடித்துவைத்துத் தானும் சாகிறாள். அறிவால் வழிகாட்டியவளை உடலைப் பலியிடுபவளாக்கிய அந்த மாற்றம் நீண்ட காலம் நிலைத்தது. அந்தப் படத்தை மீண்டும் எடுத்த வெர்னர் ஹெர்ஸாக் (1979), ராபர்ட் எக்கர்ஸ் (2024) இருவரும் பெண்ணின் பலியையே தங்கள் படங்களிலும் வைத்துக்கொண்டார்கள்.

ஹாலிவுட்டின் 1931ஆம் ஆண்டு டிராகுலா படம் நாவலைவிட மேடை நாடகத்துக்கே அதிகம் கடன்பட்டது. பிராட்வேயில் டிராகுலா வேடம் போட்ட பேலா லுகோசியே திரையிலும் நடித்தார். கோரைப்பற்களே தெரியாமல், பார்வையாலும் நிறுத்தி நிறுத்திப் பேசும் பேச்சாலும் அச்சமூட்டினார். முற்பகுதியைக் கடந்தால் படம் வரவேற்பறை உரையாடலாகத் தேங்குகிறது. அதே அரங்குகளில் இரவு நேரங்களில் எடுக்கப்பட்ட ஸ்பானிஷ் பதிப்பில் கேமரா இன்னும் தாராளமாக நகர்கிறது. காட்சியமைப்பில் அதுவே மேல்.

1958இல் பிரிட்டனின் ஹேமர் நிறுவனம் தன் டிராகுலா படத்தில் இரத்தத்துக்கு நிறம் கொடுத்தது. டிராகுலாவாக வரும் கிறிஸ்டோபர் லீயின் வேகமும் அவனை வேட்டையாடும் பீட்டர் குஷிங்கின் நிதானமும் இன்றும் சலிக்கவில்லை. ஆனால் மினா அங்கே ஆர்தர் என்பவரின் மனைவி, காப்பாற்றப்பட வேண்டியவள், அவ்வளவுதான்.

நாவலின் வடிவத்தை நெருங்கியவர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா. அவருடைய 1992 படத்தில் நாட்குறிப்பு, போனோகிராஃப், தட்டச்சுப்பொறி எல்லாமே உண்டு. கணினி வித்தைகளைத் தவிர்த்து, பழைய சினிமாவின் தந்திரங்களாலேயே மாயங்களைச் செய்தார். எய்கோ இஷியோகாவின் உடைகள் ஆஸ்கர் பெற்றன. இத்தனை செய்தவர், டிராகுலாவின் இறந்துபோன மனைவியே மினாவாக மறுபிறவி எடுத்தாள் என்று ஒரு காதல் கதையைச் சேர்த்தார். நாவலில் அப்படியொரு காதலே இல்லை. அவளுடைய கூர்மை அந்தக் காதலில் கரைந்துபோகிறது.

இந்த நாவலை அடுத்துப் படமாக்க வருபவர் கோட்டையைவிட்டு வெளியே வரட்டும். காகிதங்களை அடுக்கிக் கணக்குப்போடும் அந்தப் பெண்ணைக் கதையின் நாயகியாக்கட்டும்.