இன்னோர் அறை இருந்திருந்தால்

மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' கதையைப் படித்தவர்கள் அதிலுள்ள அதிர்ச்சியைத்தான் முதலில் பேசுவார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒற்றைக் காம்பரா. குடித்துவிட்டு வந்து படுத்தவன், இருட்டில் பெண்சாதி என்று எண்ணித் தொடுவது வயதுக்கு வந்த மகளை. நெஞ்சு நடுங்கும் இடம்தான். ஆனால் அந்த நடுக்கத்துக்குக் கீழே ஒரு கணக்கு ஓடுகிறது. எனக்கு அதுதான் பெரிய நயமாகப் படுகிறது. குடியை எடுத்துவிட்டுப் பாருங்கள்: தூக்கக் கலக்கத்தில் வேறோர் இரவு அதே தவறு நடக்கலாம். ஒரு விளக்கை ஏற்றி வையுங்கள்: எண்ணெய் தீர்ந்த இரவு வரைக்கும் தள்ளிப்போகும். அந்த வீட்டுக்கு இன்னோர் அறையைக் கொடுங்கள்: கதையே இல்லை. 10 அடிக்கு 12 அடி என்று எவனோ ஒரு வெள்ளைக்காரன் காகிதத்தில் கீறிய கோடு, இத்தனை ஆண்டுகள் கழித்து ஒரு தகப்பனைக் கூனவைக்கிறது. இந்தக் கணக்கை வாசகன் தானே போட்டு முடிக்கிறான்.

கதைக்கருவைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கருவுக்குள்ளிருந்து ஒரு பொருளை உருவி எடுக்க வேண்டும். கதை விழுகிறதா, நிற்கிறதா? எதை எடுத்தாலும் நிற்கிற கரு எந்த ஊரிலும் நடக்கிற கரு. அதில் நம் ஊர் இல்லை.

ஊவாவின் மடுல்சீமையில் கதைக்குப் பஞ்சமில்லை. பசறையிலிருந்து ஏறிவரும் பாதையில் எந்த லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்தாலும், "எங்க தோட்டத்துல கெடக்குற கதைய எழுதுனா ஒரு புஸ்தகம் பத்தாது சார்" என்று யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார். பட்டாவத்தை, ரோபேரி என்று எந்தத் தோட்டமானாலும் இதே பேச்சுத்தான். பொய்யும் இல்லை. ஆனால் அவர்கள் சொல்வது பெரும்பாலும் துன்பம். துன்பம் கதைக்கான விளைநிலம் மட்டுமே. எழுத ஆசைப்படும் இளம்பிள்ளைகள் கொண்டுவரும் கருக்களில் பாதி, பிட்டமாறுவைச் செங்குத்துப் பாறையில்தான் முடியும். சிறிய உலக முடிவு என்று இப்போது வெளியூர்ப் பொடியன்கள் கூடாரம் அடிக்க வருகிற இடம். காதலர்கள் வருவார்கள், மூடுபனி வரும், ஒருவர் குதிப்பார். பனியை எடுத்தாலும் கதை நிற்கும். பாறையைத் தூக்கிக் கன்னியாகுமரியில் வைத்தாலும் நிற்கும். எழுதிய பிள்ளையின் கண்ணில் நீர் கோத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். உணர்ச்சி உண்மைதான், கரு அவனுடையதில்லை.

என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1961இல் தினகரனில் வந்தது. பெரிய போராட்டம் எதுவும் நடக்காத கதை. ஒரு பெண் ஒரு நாளில் பறித்த கொழுந்தின் எடைதான் அதன் அச்சு. தோட்டத்துக்கு வெளியே இருப்பவருக்கு எடை ஓர் எண். மலைக்குப் போகிறவளுக்கு அந்த எண் தன் விரலின் திறமை, தன் மானம், பக்கத்து நிரைக்காரியின் பொறாமை, கணக்கப்பிள்ளையின் பார்வை, அன்றைய கூலி எல்லாம் சேர்ந்தது. தராசில் கூடை ஏறும் அந்த நொடியில் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையும் ஏறிவிடுகிறது என்று கண்டுபிடித்தாரே, அதுதான் கரு கண்ட கண். தராசை எடுத்துவிடுங்கள், கதை கிடையாது. கூடையையும் தராசையும் மலையகத்தில் பார்க்காதவர் உண்டா? பார்த்தவர்கள் லட்சம் பேர். அதற்குள் ஒரு கதை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர் ஒருவர்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. 1935இல் மணிக்கொடியில் வந்தது. இலங்கை மண்ணை மிதிக்காமலே இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை எழுதினார். அவர் நெஞ்சில் பற்றிய தீயைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். மருதிக்கு நேர்வதைப் படித்துவிட்டு ஒரு கோப்பை தேத்தண்ணீரை நிம்மதியாகக் குடிக்க முடியாது. ஆனாலும் கூர்ந்து படித்தால் ஒரு வித்தியாசம் தெரியும். திருநெல்வேலிக் கிராமத்துப் பக்கங்களில் மனிதர்கள் வேர்வையோடு நடமாடுகிறார்கள். கப்பலேறிய பிறகு அவர்கள்மேல் ஆசிரியரின் கோபம் நடமாடத் தொடங்கிவிடுகிறது. கேள்விப்பட்டதற்கும் கண்டதற்கும் நடுவே கடல் கிடக்கிறது. மாமேதையின் கதை என்பதால் அந்த இடைவெளியும் பாடமாகிறது. நம்மைப்போன்றவர் செய்தால் வெறும் இடைவெளிதான். ஆனால் மலையக மக்களின் துயரை முதன்முதலில் உரக்கச் சொன்ன கதைகளில் ஒன்று அது என்ற பெருமையை இந்தக் குறை தொடாது.

காண்பதும் கற்பனை செய்வதும் சேரும் இடத்தைக் காட்ட இன்னொரு கதை நினைவுக்கு வருகிறது. அதற்கும் இலங்கைக்கும் ஓர் உறவு உண்டு. அந்தோன் செகாவ் 1890இல் சகாலின் தீவுக் கைதிகளைக் கண்டுவிட்டுக் கடல்வழியாக ஊர் திரும்பினார். வழியில் கப்பலில் இறந்தவர்களின் உடலைக் கடலில் தள்ளியதைப் பார்த்தார். நவம்பரில் கொழும்பில் இறங்கி, கண்டி வரைக்கும் போய்வந்தார். (லிப்டன் வந்து ஊவாவில் தோட்டம் வாங்கியதும் அதே 1890இல்தான். செகாவ் இங்கிருந்து கீரிப்பிள்ளை வாங்கிக்கொண்டு போனார். யார் எதை எடுத்துப் போனார்கள் என்று தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.) அந்த டிசம்பரிலேயே 'கூசெவ்' என்ற கதை ரஷ்யப் பத்திரிகையில் வந்துவிட்டது. அவர் கண்ணால் கண்டது சடலம் பலகையில் சரிந்து நீரில் விழுவது வரைக்கும்தான். கதையோ சடலத்தோடு தானும் நீருக்குள் இறங்குகிறது. மீன்கள் வருகின்றன, சுறா வருகிறது, பிறகு மேலே திரும்பினால் வானம் நிறம் மாறிக்கொண்டிருக்கிறது. கண்ட இடத்தில் நின்றிருந்தால் அது ஒரு பயணக் கடிதம். காணாத ஆழத்துக்குப் போனதால் கதை. ஆனால் அந்த ஆழத்துக்குக் குதிக்கப் பலகை வேண்டும், பலகையை அவர் கண்டிருந்தார்.

இனி எனக்கு மிகவும் பிடித்த ஒரு கருவைச் சொல்கிறேன். மடுல்சீமைக்கே உரியது.

யூலை பிறந்தால் ஊவாவில் கச்சான் வீசும். மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய காற்றாக இந்தப் பக்கம் இறங்கும். செப்டம்பர் வரைக்கும் இதே பாடுதான். தேயிலைத் தூருக்குத் தாகம். கொழுந்து மெதுவாக விடும். விட்டதும் சிறுத்துக் கிடக்கும். அந்தத் தவிப்பில்தான் இலைக்குள் ஒரு வாசனை ஏறுகிறது. உலகம் ஊவாத் தேயிலை என்று மூக்கை வைத்து உறிஞ்சுவது அந்த மாதங்களின் தேயிலையைத்தான். கொழும்பு ஏலத்தில் அதற்குத் தனி மரியாதை. அதே மாதங்களில்தான் மலையில் கூடை நிறையாது. தேயிலைக்கு விலை ஏறும் காலமும் கொழுந்து எடுப்பவள் சொன்ன கிலோவை எட்டமுடியாமல் அரைப்பேரோடு, அதாவது பாதிக் கூலியோடு, இறங்கும் காலமும் ஒன்று.

முதன்முதலில் இது மனதில் பொருந்தியபோது கதை கிடைத்துவிட்டது என்றே தோன்றும். உருவி எடுத்துப் பார்க்கும் சோதனையிலும் தேறும்: காற்றை எடுத்தால் எல்லாம் விழுகிறது. வேறு எந்த ஊருக்கும் இதை நகர்த்த முடியாது. இருந்தும் இதில் ஓர் ஓட்டை. மலையில் நிற்கிறவளுக்கு ஏல விலை தெரியாது. கொழும்பில் ஏலம் கேட்கிறவனுக்கு அரைப்பேர் தெரியாது. இரண்டும் தெரிந்தவன் எழுதுகிறவன் ஒருவனே. கதாபாத்திரத்துக்குத் தெரியாத முரணை ஆசிரியன் தூக்கிப் பிடித்தால் அது நல்ல பத்திரிகைக் கட்டுரையாகும், கதையாகாது.

ஆகவே இரண்டாவது சோதனை. கருவை அதில் வாழ்கிறவரிடம் சொல்லிப் பார்ப்பது. கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றுவிட்ட ஓர் அம்மாவிடம் இந்தக் கச்சான் கதையைச் சொன்னேன். விலை, ஏலம், அரைப்பேர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அந்த மாசத்துல கொழுந்து கொறையுறது என்னா புதுசா தம்பி? தண்ணிதான் பாடு. பீலி நூலா ஒழுகும். நான் அரைப்பேருன்னாலும் பரவால்லன்னு வெள்ளன எறங்கிருவேன். மத்த பொம்பளைக வாறதுக்குள்ள மொத ஆளா கொடத்த வச்சிருவேன்ல."

இதைக் கேட்டபின் ஏலமும் கொழும்பும் தாமாகவே உதிர்ந்துபோயின. மலையில் தோற்றவள் பீலிக்கரையில் முந்துகிறாள். கூலியில் பாதியைக் கொடுத்து ஒரு குடம் தண்ணீரை வாங்குகிறாள். பீலியில் அவளை முதலாளாகப் பார்க்கும் மற்றப் பெண்கள் என்ன நினைப்பார்கள்? முழுப்பேர் வாங்கியவள் வெறுங்குடத்தோடு நிற்பாளே, அவள் வீட்டில் அன்றைக்கு என்ன சமையல்? கணக்கப்பிள்ளை கேட்டால் இவள் என்ன காரணம் சொல்லியிருப்பாள், வயிற்றுவலி என்றா? கேள்விகள் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வருகின்றன. கருவுக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த அடையாளம் இதுதான்: விடைகளை நாம் தேடிப் போக வேண்டியதில்லை, கேள்விகள் நம்மைத் தேடி வரும். இப்போது காற்றை உருவிப் பாருங்கள். கூடையும் நிறையும், பீலியும் பாயும், கதை நிற்காது. முரண் இப்போது அவளுடைய கையிலேயே இருக்கிறது. ஆசிரியன் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

"மொத ஆளா" என்று சொல்லும்போது அந்த அம்மாவின் குரலில் இருந்தது பெருமிதம். நான் கதையில் வைத்திருந்தது இரக்கம். அவர் திருத்தியதில் மிகப் பெரிய திருத்தம் அதுதான் என்று நினைக்கிறேன். மலையகக் கதைகளில் இரக்கம் மலிவாகக் கிடைக்கும். தந்திரம், வீம்பு, ஒருவரை ஒருவர் முந்துகிற குறும்பு இவையெல்லாம் அரிது. இராமையாவின் கூடைக்காரியிடம் அந்த வீம்பு இருந்தது. அதனால்தான் அறுபது ஆண்டுகள் கடந்தும் அவள் கிழவியாகவில்லை.

ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதுளைப் பக்கத்து ஊவாக்கட்டவளையில் 1934இல் பிறந்த ஜோசப், தான் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு, பின்னர் கொழும்பில் இனிப்புப் பண்டம் செய்யும் தொழிலகத்தில் கணக்கெழுதினார். இராமையாவுக்குக் கொழும்பில் இரும்புக்கடையில் வேலை. தோட்டத்தை விட்டு வந்தும் அதை எழுதினார்கள் என்று சிலர் குறையாகச் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேரேட்டில் காசுக் கணக்கை எழுதிய அதே கைதான் 10 அடி அறைக்குள் எத்தனை பாய் விரிக்கலாம் என்றும் கணக்குப் போட்டது. விவரம் தவறாத கை. தூரம் போனதால் எது உதிரும், எது ஒட்டிக்கொண்டே வரும் என்று அவர்களுக்குத் தெரிந்தது. பல வருடம் கழித்தும் ஒட்டிக்கொண்டே வருகிற கருவைத்தான் எழுத வேண்டும். தமிழ்நாட்டு வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டானியல் அங்கே கண்டதை நாவலாக்கி வெளியிட்டது 1969இல், தோட்டத்துக்குப் போய் இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகு. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று நாம் படிப்பது அதைத்தான்.

ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' 1979இலும், இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1980இலும் தொகுப்புகளாக வந்தன. இரண்டையும் வெளியிட்டது பதுளைக்காரரான மு. நித்தியானந்தனின் வைகறை. பெரிய ஊர்களில் அச்சகங்கள் இருந்தும், கதை எது என்று தெரிந்த கண் நம் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. துரைவி பதிப்பகம் 1997இல் கொண்டுவந்த 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்ற இரண்டு தொகுதிகளும் ஜோசப் தேடிச் சேர்த்தவை. தான் எழுதியதோடு நிற்காமல், பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டி மற்றவர்கள் எழுதியதையும் அள்ளி வைத்துவிட்டுத்தான் 2022இல் அவர் போனார்.

மடுல்சீமை, பசறை, லுணுகலைப் பள்ளிக்கூடங்களில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரைப் போட்டிக்குத் 'தேயிலைத் தோட்டத் தொழிலாளர் துயர்' என்று தலைப்புக் கொடுப்பதை ஒரு வருடம் நிறுத்திவையுங்கள். பதிலாக, பிள்ளைகள் தங்கள் வீட்டு அம்மாவிடமோ அம்மாயியிடமோ ஒரு கதைக்கருவைச் சொல்லி, அவர்கள் எந்த இடத்தில் "அப்பிடி இல்ல" என்று மறிக்கிறார்களோ அந்த இடத்தை மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஓகஸ்ட் மாதத்தில் செய்தால் இன்னும் நல்லது.