பங்காளிச் சண்டையின் ஆயிரம் பக்கங்கள்

எதிரியோடு சண்டை போடுவது சுலபம். பங்காளியோடு போடுவதுதான் கஷ்டம். நம் வீட்டுக்குள் என்ன நடக்கிறது, எந்தக் காயம் இன்னும் ஆறவில்லை என்பதெல்லாம் பங்காளிக்குத் தெரியும். அமெரிக்காவில் ஒரு கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் பிரைமரி போட்டியும் இந்த ரகம்தான். ஒரே கட்சி, ஏறக்குறைய ஒரே கொள்கை. வரி, வேலை, வெளியுறவு என்று எதை எடுத்தாலும் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருக்காது. அப்புறம் எதை வைத்து மோதுவது? மிஞ்சுவது எதிரே நிற்பவரின் குணம்.

ரிச்சர்ட் பென் கிரேமரின் 'வாட் இட் டேக்ஸ்' (1992) இந்த மோதலைப் பற்றிய நூல். 1988 அதிபர் தேர்தலுக்காக இரு கட்சிகளிலும் நின்ற ஆறு பேரைப் பின்தொடர்கிறது. குடியரசுக் கட்சியில் மூத்த ஜார்ஜ் புஷ், பாப் டோல். ஜனநாயகக் கட்சியில் கேரி ஹார்ட், ஜோ பைடன், டிக் கெப்ஹார்ட், மைக்கல் டுகாகிஸ். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் தலையணை. "யாரு படிப்பா இதை?" என்று கேட்கத் தோன்றும். வெளிவந்தபோது பெரிதாக விற்கவும் இல்லை. இன்று அமெரிக்க அரசியல் எழுத்தின் உச்சங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். நான் அதை ஒரு நாவலைப் படிப்பதுபோலத்தான் படித்தேன். அதன் பலமும், அது சறுக்கும் இடமும் அப்படிப் படிக்கும்போதுதான் தெரிகின்றன.

டோலும் புஷ்ஷும் மோதும் பகுதியை எடுத்துக்கொள்வோம். டோல் 1945 ஏப்ரலில் இத்தாலியில் போரில் படுகாயம் அடைந்தவர். வலது கை கடைசிவரை சரியாகவில்லை. கான்சாஸ் மாநிலத்தின் ரஸல் என்ற சிற்றூரில், சிகிச்சைக்காக ஊர்க்காரர்கள் ஒரு சுருட்டுப் பெட்டியில் காசு சேர்த்தார்கள். யாரும் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிடக் கூடாதென்று விரல்களுக்குள் எப்போதும் ஒரு பேனாவைப் பிடித்திருப்பார். புஷ்ஷும் போர் பார்த்தவர்தான். 1944இல் பசிபிக்கில் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஆனால் அவர் ஒரு செனட்டரின் மகன். டோலின் கண்ணுக்கு அவர், எல்லாவற்றையும் தட்டில் வைத்து நீட்டிய வீட்டுப் பையன்.

1988 பிப்ரவரியில் அயோவாவில் டோல் முதலிடம், புஷ் மூன்றாமிடம். எட்டே நாளில் நியூ ஹாம்ப்ஷையர். வரி விஷயத்தில் டோல் இரண்டு பக்கமும் கால் வைக்கிறார் என்று புஷ் தரப்பு கடைசி நேரத்தில் ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தை இறக்கியது. டோல் தோற்றார். புஷ்ஷிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அன்றிரவு நேரலையில் கேட்டார்கள். என்னைப் பற்றிப் பொய் பேசுவதை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார் டோல். அவ்வளவுதான். டோல் சிடுமூஞ்சி, டோலுக்குக் கோபம் அடங்காது என்று முத்திரை விழுந்தது. சுருட்டுப் பெட்டியையும் மருத்துவமனை வருடங்களையும் கடந்து இந்த இடத்துக்கு வரும் வாசகனுக்கு அந்த வாக்கியம் வேறு மாதிரி கேட்கிறது. தன் கையால் ஏறி வந்த ஒருவரிடமிருந்து, அதுவரை சம்பாதித்த ஒரே சொத்தைப் பிடுங்கியதுபோல இருக்கிறது. அதே சமயம் புஷ் வில்லனாகவும் ஆவதில்லை. தோற்றுவிடுவோமோ என்ற அவருடைய பயத்தையும் கிரேமர் நமக்குள் இறக்கியிருக்கிறார்.

பைடன் பகுதி இதைவிடச் சிக்கலானது. 1987 ஆகஸ்டில் அயோவாவில் நடந்த விவாதத்தில், பிரிட்டிஷ் தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக்கின் உரையை அவர் பெயரைச் சொல்லாமலேயே பைடன் தன் குடும்பக் கதைபோலப் பேசினார். அதற்கு முன் சில மேடைகளில் பெயர் சொல்லித்தான் பேசியிருந்தார். இரண்டு பேச்சும் செய்தியாளர்களின் கைக்குப் போயின. முதலில் கெப்ஹார்ட் ஆட்கள்மேல் சந்தேகம் விழுந்தது. செப்டம்பர் 23இல் பைடன் விலகினார். ஒரு வாரம் கழித்துத்தான், வீடியோவைக் கொடுத்தது டுகாகிஸின் பிரச்சார மேலாளர் ஜான் சாஸோ என்று தெரியவந்தது. அவரும் பதவி விலக வேண்டியிருந்தது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். வீடியோ உண்மை. உண்மையையே எடுத்து ஒருவரை முடித்துவிட முடிகிறது. பங்காளிச் சண்டையின் கொடூரம் அதில் இருக்கிறது.

பத்திரிகைகள் இதையெல்லாம் குதிரைப் பந்தயமாக எழுதின. யார் முந்துகிறார், யார் பிந்துகிறார், அவ்வளவுதான். கிரேமர் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறார். டோலைப் பற்றி எழுதும்போது வாக்கியம் வெட்டு வெட்டாக விழுகிறது. புஷ்ஷுக்கு வந்தால் நட்பும் நன்றியுமாக வழிகிறது. பேட்டிகளிலிருந்து திரட்டியதை நாவலாசிரியனின் மொழியில் எழுதுகிறார். குணத்தை ஆயுதமாக்கும் விளையாட்டில், அந்தக் குணம் எப்படி உருவானது என்று முழுசாகச் சொல்லிவிட்டால் ஆயுதம் மழுங்கிவிடும் என்பது அவர் நம்பிக்கை. எனக்கு அது சரியென்றே படுகிறது.

ஆனால் அந்த முழு வாழ்க்கை யாருக்கெல்லாம் கிடைத்தது? 1988இல் ஜனநாயகக் கட்சியில் டுகாகிஸுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தவர் ஜெஸ்ஸி ஜாக்சன். ஏறத்தாழ 70 லட்சம் வாக்குகள். மார்ச் மாதம் மிச்சிகனில் டுகாகிஸைத் தோற்கடித்தார். ஒரு கறுப்பினத்தவர் அவ்வளவு தூரம் வந்ததை அந்த நாடு அதுவரை பார்த்ததில்லை. கிரேமரின் ஆறு பேரில் அவர் இல்லை. முதல் வாக்குப் பதிவாவதற்கு முன்பே விலகிப்போன பைடனுக்கு இடமிருக்கிறது. காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான்: மற்றவர்களின் அம்மா, அப்பா, பள்ளிக்கூடம், பயம் எல்லாம் நமக்குத் தெரிகிறது. ஜாக்சன் வெளியிலிருந்து கேட்கும் ஒரு குரலாக நின்றுவிடுகிறார். பரிவுக்கும் பக்கங்கள் வேண்டும். பக்கங்களைப் பங்கிடுவது எழுத்தாளன் எடுக்கும் அரசியல் முடிவு. சிறுபான்மையாக வாழும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வேட்பாளர்கள் களத்தில் இருந்த அதே 1987இல், ஏப்ரல் 24 அன்று, அம்னோ தலைவர் பதவிக்கு மகாதீரும் தெங்கு ரசாலியும் மோதினார்கள். 761க்கு 718. வெறும் 43 வாக்கு வித்தியாசம். கட்சியே இரண்டாகப் பிளந்தது. அதுவும் பங்காளிச் சண்டைதான். அந்த இரவில் தோற்ற மனிதரின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நம் தமிழில் எழுதிப் பார்த்த ஒரு நாவலை நான் இன்னும் படிக்கவில்லை. அரசியல்வாதி என்றால் நமக்கு மாலை போடத் தெரியும், மண்ணை வாரித் தூற்றத் தெரியும். அவர் தலைக்குள் போய் உட்கார நமக்கு ஏனோ கூச்சம்.

எழுத நினைக்கும் நண்பர்கள் இந்த நூலை எடுங்கள். ஆயிரம் பக்கம் மலைப்பாக இருந்தால் டோல் வரும் அத்தியாயங்களை மட்டும் முதலில் படியுங்கள். படிக்கும்போதே ஜாக்சன் எங்கே என்றும் தேடிக்கொண்டே இருங்கள்.