நன்னடத்தைப் பிணையும் நாட்காட்டித் தண்டனையும்

வாய்க்கால் முறை, வரப்பு, கூலி, கோயில் மரியாதை என்று தஞ்சைத் தரணியில் எழுகின்ற பகைகள் அரிவாளை எட்டுமுன் தடுக்கப்பட வேண்டும் என்பதை, பழைய தஞ்சை ஜில்லாவின் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பரில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டதை அறிந்த எவரும் மறுக்கத் துணியார். அந்தத் தடுப்புக்கென்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் வகுத்த ஏற்பாடுகளுள் ஒன்று பிணைப் பத்திரம்: அமைதி காப்பதாக ஓராண்டுக்கு மிகாமலும், வழக்கமான குற்றவாளி எனக் கருதப்பட்டவன் நன்னடத்தையோடிருப்பதாக மூன்றாண்டுக்கு மிகாமலும் கோட்டாட்சியர் முன்னிலையில் எழுதித் தருவது. ஆண்டுக்கணக்கில் வழக்குமன்றத்தில் இழுபடும் விரோதத்தை ஒரு கையொப்பம் சில மாதமேனும் அடக்கி வைக்குமாயின் அது அற்பமான நன்மையன்று.

என் ஆட்சேபம் பத்திரத்தை மீறியவனுக்கு விதிக்கும் தண்டனையைப் பற்றியது. அமைதிப் பத்திரத்தை மீறியவனைப் பத்திரக் காலம் முடியுமட்டும் சிறையில் வைக்கலாம் என்றது 122-ஆம் பிரிவு. வைகாசியில் ஓராண்டுப் பத்திரம் எழுதியவன் ஆனியில் அண்டை வயற்காரனை அடித்தால், ஏறக்குறைய பதினொரு மாதம் திருச்சி மத்திய சிறையில் கிடந்து குறுவையையும் சம்பாவையும் இழப்பான். அதே அடியை மறு சித்திரையில் அடித்தவனோ ஒரு மாதத்தில் வீடு திரும்புவான். காயத்தின் கனத்தைக் கேளாமலே நாட்காட்டி தண்டனையை நிர்ணயித்துவிடுகிறது. அந்த அடிக்கான வழக்கு தனியே நடந்து தனித் தண்டனையும் வரலாம். அதில் குற்றம் ருஜுவாகுமுன்பே கோட்டாட்சியரின் திருப்தி ஒன்றே இவனைச் சிறைக்கு அனுப்பப் போதுமானதாயிருந்தது. உயர் நீதிமன்றத்தின் ஆணையையே மீறி அவமதித்தவனுக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு மாத வெறுங்காவலுக்கு மேல் இடங்கொடாதபோது, வருவாய்த்துறை அதிகாரியிடம் எழுதிய பத்திரத்துக்கு அதனினும் நீண்ட சிறை எந்த நியாயத்தில் அடங்கும்? இங்கிலாந்திலும் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சமூகவிரோத நடத்தைக்கான தடையாணையை மீறினோர்க்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டாயிருந்தது. மீறிய செயலே தனிக் குற்றமாயின், அக்குற்றத்துக்குரிய உச்சத் தண்டனையைத் தாண்டலாமா என்று அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுமாறிற்று.

2023 மார்ச் 13-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என். ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் ஆகியோர், சிறையிலிடும் இந்த அதிகாரம் கோட்டாட்சியர் போன்ற நிர்வாகத்துறை நடுவருக்கு இல்லை என்றும், அமைதிப் பத்திரத்தை மீறியவனை நீதித்துறை நடுவர் முன்னே நிறுத்த வேண்டும் என்றும், காவல் துணை ஆணையர்களை நிர்வாகத்துறை நடுவர்களாக்கிய அரசாணைகள் செல்லா என்றும் தீர்ப்பளித்தனர். தண்டிக்கத் தக்கவர் யார் என்பது இதனால் தெளிவாயிற்று. தண்டனையின் அளவோ பழையபடியே நிற்கிறது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 141-ஆம் பிரிவும் பத்திரக் காலத்தையே எல்லையாக வைத்திருக்கிறது. ஆறு மாத உச்சவரம்பு ஒன்றை அதில் சேர்த்து, அதற்குள் காயத்தையும் காரணத்தையும் நோக்கி நாளைக் குறைக்கும் உரிமையை நடுவருக்கு அளிப்பதோடு, இவ்வாறு கழித்த சிறைநாளை மூல வழக்கின் தண்டனையில் கழித்துக்கொள்ளவும் சட்டமன்றங்கள் வழி செய்ய வேண்டும்.