சல்லடையும் வடிகட்டியும்

போன வருஷம் புரட்டாசி. குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். திருவையாறு பக்கத்தில் எங்கள் கிராமத்திலிருந்து அப்பா போன் பண்ணினார். "ஏசி ஊத்துதுடா தம்பி. கட்டிலெல்லாம் நனைஞ்சு போச்சு. நான் திண்ணையில வந்து படுத்துட்டேன்."

திண்ணைதான் அவர் படுக்கக் கூடாத இடம். அவருக்கு 74 வயது, இழுப்பு உண்டு. எதிர் வயலில் அறுவடை மெஷின் ஓடினால் சுணையும் பதருமாகக் கிளம்பும் தூசு நேராகத் திண்ணைக்குத்தான் வரும். அதிலிருந்து அவரைக் காப்பாற்றத்தான் உள்ளறைக்கு ஏசி போட்டேன். அது போதாதென்று நாலைந்து வீடியோ பார்த்துவிட்டு, 'ஹெப்பா ஷீட்' என்று விற்ற ஒரு தடித்த துணியை வாங்கி, ஏசிக்குள் இருக்கும் வலையின் மேல் முழுசாக ஒட்டிவிட்டு வந்ததும் நான்தான். மூன்றே நாள். காற்று போக வழியில்லாமல் காயில் பனிக்கட்டி கட்டி, அது உருகி, அடியில் இருக்கும் தட்டு கொள்ளாமல் சுவர் வழியே வழிந்திருக்கிறது.

பி.இ. படித்தவன் செய்கிற காரியமா இது என்று மெக்கானிக் வாய்விட்டுக் கேட்கவில்லை. துணியைப் பிய்த்து என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சில மாதம், ராத்திரிகளில், இந்த ஃபில்டர் விஷயத்தைத் தோண்டிக்கொண்டிருந்தேன். இந்தக் குறிப்பு அதன் விளைவு. என் புகார் எந்திரத்தின் மேல் இல்லை. அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் வாசகங்கள் மேலும், அதை அப்படியே தமிழில் ஒப்பிக்கும் அறிவுரைகள் மேலும்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வீட்டுக்கு எந்த ஏர் ஃபில்டர் சரி என்று தேடினால் கிடைக்கும் பதில்களில் முக்கால்வாசி அமெரிக்க வீடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே எச்.வி.ஏ.சி. என்றால் வெப்பம், காற்றோட்டம், குளிர்ச்சி மூன்றும் சேர்ந்த ஒரே அமைப்பு. வீடு முழுக்கக் குழாய் ஓடும். எல்லாக் காற்றும் ஒரே ஒரு சட்டம் போட்ட ஃபில்டர் வழியாகத் திரும்பி வரும். நம்மூர் ஸ்ப்ளிட் ஏசியில் அந்த எச்சும் கிடையாது, வியும் கிடையாது. அறைக்குள் இருக்கும் அதே காற்றைச் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும் பெட்டி அது. வெளிக்காற்று ஒரு சொட்டு உள்ளே வராது. அந்த ஊருக்கு எழுதிய மருந்துச்சீட்டை இந்த ஊர் உடம்புக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டுக் கட்டில் சாட்சி.

நியூஜெர்சியில் இருக்கும் என் அத்தை மகனுக்கு 'மெர்வ் 13' என்பது சரியான ஆலோசனையாக இருக்கலாம். மெர்வ் என்பது ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் 52.2 தரநிலையில் வரும் மதிப்பெண். 1 முதல் 16 வரை. மெர்வ் 8 என்றால் 3 முதல் 10 மைக்ரான் வரையுள்ள துகளில் குறைந்தது 70 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். 1 மைக்ரானுக்குக் கீழே போனால் அதற்கு எந்த நிபந்தனையும் இல்லை. மெர்வ் 13 அந்தச் சின்னத் துகளிலும் (0.3 முதல் 1 மைக்ரான்) பாதியையாவது பிடிக்க வேண்டும். கொரோனா காலத்தில் ஆஷ்ரே மெர்வ் 13ஐச் சிபாரிசு செய்தபோது கூடவே ஒன்று சொன்னது: உங்கள் எந்திரம் தாங்குமானால். அங்கே பல வீட்டு மின்விசிறிகள் மொத்தமாகவே நீர்மட்டத்தில் அரை அங்குல அழுத்தத்துக்கு எதிராக ஓடத்தான் வடிவமைக்கப்பட்டவை. அரை அங்குலத் தண்ணீர்! வயலில் அது ஒரு சுண்டுவிரல் நகம் நனைகிற அளவு ஆழம்தான். ஒரு அங்குலத் தடிமனில் இறுக்கமான ஃபில்டரைச் செருகினால் அந்தக் கணக்கில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். அதே மெர்வ் 13ஐ நான்கு அங்குலத் தடிமனில், நிறைய மடிப்பு வைத்து வாங்கினால் பரப்பு கூடி, தடை குறையும். மதிப்பெண் ஒன்றுதான், எந்திரம் படும் பாடு வேறு. வீடியோக்களில் இந்த 'தாங்குமானால்' மட்டும் காணாமல் போய்விடுகிறது. ஸ்ப்ளிட் ஏசியின் விசிறியோ அதைவிடவும் பலவீனமானது.

சரி, ஏசியோடு வரும் வலை எதற்கு? ஸ்கேல் வைத்து எண்ணினேன்: அங்குலத்துக்குச் சுமார் 30 கண். நூலின் தடிமனைக் கழித்தால் ஒரு கண் ஏறத்தாழ 700 மைக்ரான். நம் தலைமுடி 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் பத்து முடி வரிசையாக நுழைந்து போகும். நுரையீரலுக்குள் ஆழமாகப் போகும் துகள் 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும். ஆக, இந்த வலை காயிலில் பஞ்சு அடையாமல் பார்த்துக்கொள்ள வந்தது. அது எந்திரத்தின் கவசம், உங்களுடையது இல்லை. இதை அட்டைப்பெட்டி சொல்வதே கிடையாது.

சொல்லாதது ஒரு குற்றம் என்றால், பாதி சொல்வது பெரிய குற்றம். சில மாடல்களில் வலையின் மேல் 'பி.எம். 2.5 ஃபில்டர்' என்று சின்னதாக இரண்டு பட்டை செருகியிருப்பார்கள். எங்கள் வீட்டில் இருந்ததை அளந்தேன். இரண்டும் சேர்ந்து 80 சதுர சென்டிமீட்டர். வலையின் மொத்தப் பரப்பு சுமார் 2400. அதாவது நூற்றுக்கு மூன்றரைகூட இல்லை. ஏசி மணிக்கு 800 கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்றும், பட்டை பாதித் துகளைப் பிடிக்கிறது என்றும் தாராளமாகவே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், சுத்தமாகி வருவது மணிக்கு 13 கன மீட்டர். 12க்கு 12 அடி அறை, 10 அடி உயரம்: 41 கன மீட்டர். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அறைக் காற்றுக்கு ஈடான அளவு சுத்தமாகும். ஓட்டுவீட்டின் கதவிடுக்கிலும் ஜன்னல் இடுக்கிலும் அதைவிட வேகமாகப் புதுத் தூசு வந்துவிடும். உண்மையில் 13கூட வராது. பட்டை இருக்கும் இடத்தில் தடை அதிகம். காற்று அதைச் சுற்றிப் பக்கத்து வலை வழியாகப் போய்விடும். வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் மடையை எவ்வளவு நன்றாக அடைத்து என்ன பயன்? தண்ணீருக்கும் காற்றுக்கும் புத்தி ஒன்றுதான்.

'99 சதவீதம்' என்ற வாசகத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும். எந்த அளவுத் துகளில் 99? எவ்வளவு வேகத்தில் காற்று போகும்போது? புதுசிலா, ஆறு மாதம் ஓடிய பிறகா? என் தொழிலில் யாராவது 'எங்கள் மென்பொருள் பத்து மடங்கு வேகம்' என்றால் எதைவிட, எந்தக் கணினியில், எவ்வளவு தரவில் என்று கேட்காமல் விடமாட்டோம். கடைக்குப் போனதும் எனக்கு அந்தப் பழக்கம் மறந்துவிட்டது.

இதைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவிடம், "நான் நல்லா நெருக்கமா இருக்கற துணிதான்பா வாங்கினேன். சின்னக் கண்ணு இருந்தா சின்னத் தூசி நிக்கும்னு நெனச்சேன்" என்றேன். அவர் சிரித்தார். "சல்லடையில சலிச்சா மண்ணு போவும். பதரு போவுமாடா? நெல்லு சைசுலதானே பதரும் இருக்கு? அதுக்குக் காத்துல தூத்தணும்."

எனக்கு ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி இருந்தது. களத்தில் முறத்தால் தூற்றும்போது கனமான நெல் நேரே கீழே விழும், பதர் காற்றோடு போகும். பிரிப்பது கண்ணின் அளவு இல்லை, எடையும் காற்றும். நுண்ணிய ஃபில்டருக்குள் நடப்பதும் ஏறக்குறைய இந்த வேலைதான். அது ஒழுங்கில்லாமல் கிடக்கும் இழைகளின் காடு. காற்று இழையைச் சுற்றி வளைந்து போகும்போது பெரிய துகளால் அத்தனை சட்டென்று வளைய முடியாமல் இழையில் போய் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகளோ காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்துத் தள்ளாடி, எப்படியாவது ஓர் இழையில் போய் விழும். இரண்டுக்கும் நடுவில், சுமார் 0.3 மைக்ரானில் இருப்பதுதான் தப்பிப்பதில் கெட்டிக்காரத் துகள். ஹெப்பாவின் 99.97 சதவீதம் அந்த 0.3இல் கேட்கப்படுவது அதனால்தான். அது கடினமான கேள்வி. அதைவிடச் சிறியதில் ஹெப்பா இன்னும் நன்றாகவே செய்யும். சல்லடை என்ற உவமையோடு யோசித்தால் இது புரியவே புரியாது, 'சின்னக் கண்' என்று தேடிக்கொண்டே இருப்போம். நான் இருந்தேன்.

இன்னொரு சங்கதி. விலை குறைந்த நுண்ணிழை ஃபில்டர்கள் பலவற்றில் இழைக்கு மின்னேற்றம் ஏற்றியிருப்பார்கள். அதனால் தடை குறைவாக இருந்தும் நன்றாகப் பிடிக்கும். தூசு படியப் படிய அந்த மின்னேற்றத்தின் பிடி தளரும். தண்ணீரில் கழுவினால் அதையும், இழைகளின் அமைப்பையும் கெடுத்துவிட வாய்ப்பு அதிகம். 2016இல் வந்த ஐ.எஸ்.ஓ. 16890 தரநிலையில் எனக்குப் பிடித்த அம்சம், ஃபில்டரை முதலில் அப்படியே சோதித்து, பிறகு மின்னேற்றத்தை நீக்கிவிட்டும் சோதித்து, இரண்டின் சராசரியை மதிப்பெண்ணாகப் போடுவது. ஆஷ்ரே முறையில் அது விருப்பப்பட்டால் செய்துகொள்ளும் பின்னிணைப்பு மட்டும். எனவே 'கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் ஹெப்பா' என்று யாராவது விற்றால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் செய்தது ரொம்பச் சாதாரணம். ஏசிக்கு அதே மாடலின் பழைய வலையே போதும். கிழிந்தால் அதே மாடலுக்கானது, வேறொன்றும் மேலே வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அறுவடை நாட்களில் வாரம் ஒருமுறை, குழாய்த் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைப்பது. அப்பாவின் மூச்சுக்குத் தனியாக ஓர் ஏர் பியூரிஃபையர். அதில் பார்த்தது ஒரே எண், சி.ஏ.டி.ஆர்.: மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று. பிடிக்கும் திறனும் தள்ளும் காற்றும் பெருக்கி வரும் எண் அது. 99 என்று தனியாகக் கத்துவதில்லை. மணிக்கு ஐந்து முறை என்றால் அந்த அறைக்கு 205 வேண்டும். மாற்று ஃபில்டர் வாங்கும்போது 'பொருந்தும்' என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பாமல், ஓரத்து ரப்பர் விளிம்பு முழுசாக உட்காருகிறதா என்று பார்க்கிறேன். நண்டு வளை அங்கேதான் இருக்கும்.

கொசுவத்திச் சுருளையும் நிறுத்தினோம். ஃபில்டரைப் பற்றி இத்தனை யோசித்துவிட்டு அறைக்குள்ளேயே அதைக் கொளுத்தி வைத்திருந்தோம் என்பது இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சீன, மலேசியச் சுருள்களை எரித்துப் பார்த்து 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்கிறது. கொசுவலைக்கு மின்சாரமும் வேண்டாம்.

ஒரு தவறு மட்டும் மிச்சம் இருந்தது. சி.ஏ.டி.ஆர். எண் உச்ச வேகத்தில் அளந்தது. அந்த வேகத்தில் அது போடும் சத்தம் அப்பாவுக்கு ஆகவில்லை. "நெல்லு மில்லுல படுத்த மாதிரி இருக்கு" என்று முதல் ராத்திரியே நிறுத்திவிட்டார். மறுவாரம் அதைச் சென்னைக்கு நான் எடுத்து வந்துவிட்டு, 400 போட்ட பெரியதை அங்கே வைத்தேன். இப்போது அது நடு வேகத்தில் ஓடுகிறது. இந்தக் குறுவைக்கு அவர் திண்ணையில் படுக்கவில்லை. சாயங்காலம் மெஷின் நின்றதும் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறார், அதை நான் தடுப்பதில்லை.